இரண்டேகால் அடி

இரவுப் பணிக்கு ஆள் நிற்காத பெட்ரோல் நிலையம்,
மொன்டானாவின் வடக்கு விளிம்பில், ரயில் பாதையோரம்.
என் பெயர்ப்பட்டையில் வெர்னா என்றிருக்கும்.
நவம்பரில் பக்கத்து ஊர்க் கடையில் ஒருவனைக் குத்திவிட்டார்கள்.
அதற்குப் பிறகு முதலாளி வாங்கித் தந்தது
ஒரு புதுக் கேமரா.
நான் குத்துப்படுவதை அது தெளிவாகப் பார்க்கும்.

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதமாம்.
நான் வல்லவள் இல்லை,
இங்கே ஆறு மாதம் புல்லும் இல்லை.
அளவு நாடாவை எடுத்தேன்.

சிகரெட் அடுக்கிலிருந்து லாட்டரி இயந்திரம் வரை
நான்கு அடி மூன்று அங்குலம்.
அதற்குள் என் உடம்பு, என் முழங்கை, என் பயம்.
கோடரிக் காம்பை ஓங்கினால் காபிக் கோப்பைகள் சரிந்தன.
கடப்பாரை கனம், கிளம்பினால் நிற்காது.
நிறுத்த முடியாததை நான் கையில் எடுப்பதில்லை,
ஒருமுறை கல்யாணம் செய்து பார்த்தாயிற்று.
கத்தி வேண்டாம் என்றாள் டெல்மா:
"அது எட்டுகிற தூரத்தில்
அவனுக்கும் நீ எட்டுவாய்."
டெல்மா பனி வாரும் லாரி ஓட்டுகிறவள்.
தூரத்தைப் பற்றி அவள் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் ஒரு உடைந்த மண்வாரிக் காம்பு.
இரண்டேகால் அடியில் அறுத்து,
நுனியை உப்புத்தாளால் தேய்த்து,
ஹாக்கி மட்டைக்குச் சுற்றும் நாடாவைப் பிடியில் சுற்றி
கல்லாவுக்குக் கீழே ஆணியில் மாட்டினேன்.
ஓங்க வேண்டாம். இடிக்கலாம்,
குறுக்கே பிடிக்கலாம், சுண்டலாம்.

டெல்மாவின் கொட்டகையில்
சங்கிலியில் ஒரு டயர் தொங்கும்.
ஞாயிறுதோறும், மைனஸ் இருபதில்,
வலக்கையால் நூறு, இடக்கையால் நூறு.
டயர் திருப்பி அடிக்காது,
ஆனால் திரும்பி வரும்.
முதல் வாரம் என் தாடைக்கு வந்தது.
அடித்த கையோடு விலக வேண்டும் என்று
அதற்குப் பிறகுதான் தெரிந்தது.
"கால்! கால்!" என்று டெல்மா கத்துவாள்,
"கை தானாக வரும், கால் எங்கே?"

ஜனவரியில் இருவரும் எதிரெதிரே நின்றோம்,
தடிக்குத் துண்டு சுற்றி.
துண்டு எப்போது அவிழ்ந்தது என்று தெரியாது.
அவள் மணிக்கட்டில் பட்டது.
சத்தம் பெரிதில்லை,
காய்ந்த பிஸ்கட்டை ஒடித்தால் வருமே, அவ்வளவுதான்.
தரையில் உட்கார்ந்தாள். "நல்ல அடி" என்றாள்,
உதடு வெளுத்திருந்தது.
மருத்துவமனைக்கு எழுபது மைல்.
பாட்டு வைக்கட்டுமா என்றேன்.
வேண்டாம் என்றாள்.

பிப்ரவரி, அதிகாலை மூன்று பத்து.
மீன் அறுக்கும் கத்தியோடு வந்தவனுக்கு
இருபது வயது இருக்கலாம்.
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே
மணிக்கட்டு தெரிந்தது, வெள்ளையாக,
அடி என்று காட்டிக்கொண்டு நின்றது.
மேசையின் அகலம் இரண்டடி, அவன் கை இரண்டரை.
என் கால் ஒன்றரை எட்டு பின்னால் போயிருந்தது,
நான் சொல்லாமலே.
தடி தொடையோரம், அவன் பார்க்கவில்லை.
"எடுத்துக்கொள்" என்றேன்.
நூற்றுப் பதினான்கு டாலர்,
போகும்போது ஒரு சூயிங்கம்.

கதவு மணி அடித்து ஓய்ந்த பிறகும்
விரல்கள் தடியை விட மறுத்தன.
நாடா வியர்வையில் ஒட்டியிருந்தது,
ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

"அடித்திருக்க முடியுமா?" என்று கேட்டார் காவலர்.
"முடியும்" என்றேன்.
மேலே ஏதாவது சொல்வேன் என்று பேனாவோடு காத்திருந்தார்.
காபி ஊற்றிக் கொடுத்தேன்.

முதலாளிக்கு நூற்றுப் பதினான்கு டாலர் வருத்தம்.
அத்தனை பயிற்சியும் வீணா என்றார்.

ஞாயிறு. டெல்மாவின் கையில் மாவுக்கட்டு,
அதில் யாரோ பேனாவால் மீன் வரைந்திருக்கிறார்கள்.
நல்ல கையால் தேநீரைப் பிடித்தபடி
எண்ணுகிறாள், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
தப்பாக எண்ணி மறுபடி நாற்பது.
சங்கிலி கிறீச்சிட்டு
டயர் திரும்பி வருகிறது.
நான் அங்கே இல்லை.